ரோட்டுக்கு ஓதம் கிடையாது

ஜெட் ஸ்கி என்றால் பலருக்கும் சீட்டு வைத்த, இரண்டு பேர் உட்கார்ந்து போகிற வண்டிதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டுக்காரர் ஏற்றி இறக்கியது அது இல்லை. அதில் சீட்டே கிடையாது. பின்பக்கம் சின்னத் தொட்டி மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அதில் நின்றுகொண்டு, முன்னாலிருந்து நீண்டு வரும் ஒரு கம்பத்தின் நுனியில் இருக்கிற ஹேண்டில்பாரைப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். கையை விட்டால் கம்பம் மடங்கிக் கீழே படுத்துக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது, "இன்னா மாமா, உக்கார எடம்கூட இல்லாத இத்தையா காசு குட்த்து வாங்கிகீறாங்க?" என்று கேட்டேன்.

"உக்கார்றதுக்கு வூட்ல பாய் கீதுல்ல," என்றார்.

அவர் அப்படித்தான் பேசுவார். எதைக் கேட்டாலும் ஒரு இடக்கு. எனக்கு அவர் சொந்தத் தாய்மாமன் மகன். காத்திவாக்கத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். கொஞ்ச காலம் காசிமேட்டில் லாஞ்ச் என்கிற விசைப்படகில் ஆளாக இருந்தார், பிறகு சொந்தமாகப் பைபர் படகு வாங்கினார். கழிமுகத்தில் இறால் இல்லாமல் போய், கடலில் போட்ட டீசலுக்கும் கிடைத்த மீனுக்கும் ஒட்டாமல் போனபோது படகை விற்றார். விற்ற அன்று வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை, பேசினால் அடிப்பார் என்று பயம். மறுநாள் தானாகவே எழுந்துபோய் டிரைவிங் பழகச் சேர்ந்துவிட்டார்.

அதன் பிறகுதான் இந்த வேலை. திருவொற்றியூரில் கடலை ஒட்டி ஒரு ஷெட். முதலாளி நல்ல மனிதர், படகு இஞ்சின் ரிப்பேர்தான் அவருடைய தொழில். கூடவே இந்த நின்று ஓட்டும் வண்டிகள் இரண்டை வைத்துக்கொண்டு, பந்தயம் பழகுகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்துக்கு அனுப்புவார். பிக்கப் வண்டியின் பின்னால் சின்னதாக ஒரு டிரெய்லர், அதன் மேல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும். எங்கள் பக்கத்தில் டிரெய்லர் என்றால் ஹார்பருக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகிற ராட்சசன்கள்தான். அதுகளுக்கு நடுவில் எங்களுடையது போகும்போது லாரிக்காரர்கள் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரிப்பார்கள்.

நான் அப்போது ராயபுரத்தில் இறால் உரிக்கும் ஷெட்டை விட்டு நின்றிருந்தேன். விரல் நுனியெல்லாம் ஐஸிலும் உப்பிலும் ஊறிப் புண்ணாகிவிட்டது. டிரெய்லரில் வண்டிகளை ஏற்றிக் கட்டுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னபோது, "எங்கூட்டு ஆளே வரும்," என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். எங்கள் வழக்கத்தில் பெண்கள் படகைத் தாண்டக் கூடாது, கட்டுக்கயிற்றை மிதிக்கக் கூடாது. நான் டிரெய்லர் பக்கத்தில் போய்த் தயங்கி நின்றேன். "இது படகா மே? பிளாஸ்டிக் தொட்டி. ஏறு," என்றார்.

ஏறினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏறினேன். கட்டுகிற வேலையில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

கார்ப்பெட் சுற்றிய இரண்டு பலகைகள் மேல் வண்டி உட்காரும். மூக்கில் ஒரு இரும்பு வளையம் உண்டு, நான் அதை மூக்குத்தி என்பேன். மூக்குத்தியிலிருந்து ஒரு பெல்ட் முன்பக்கம் கீழே இறங்கும். பின்னால், நிற்கிற பள்ளத்துக்குக் குறுக்காக இன்னொரு பெல்ட். கம்பத்தை மடக்கித் தனியாகச் சின்னக் கயிற்றில் கட்ட வேண்டுமே தவிர, அதன் மேல் பெல்ட் போகக் கூடாது, அழுத்தத்தில் கம்பம் கெட்டுவிடும். விளிம்பில் பெல்ட் உரசுகிற இடத்தில் பழைய லுங்கித் துண்டை மடித்து வைப்போம். காற்றில் பெல்ட் படபடவென்று அடிக்காமல் இருக்க நடுவில் ஒரே ஒரு முறுக்கு. அப்புறம் பெல்ட்டில் இருக்கிற ராச்செட் என்கிற இரும்புப் பிடியைக் கடகடவென்று மேலும் கீழும் ஆட்டினால் பெல்ட் இறுகும். வண்டியின் மேல் கையை வைத்து உலுக்கினால், வண்டி மட்டும் ஆடக் கூடாது, டிரெய்லரும் சேர்ந்து ஆட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இதில் அவருக்கு ஒரு பெரிய எரிச்சல் இருந்தது. எங்கள் ஆட்கள் யாரைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னாலும் தளர விட்டுத்தான் கட்டுவார்கள். கடலில் பழகிய கை. படகுத்துறை ஜெட்டியில் படகை இறுக்கிக் கட்டினால், ஓதம் ஏறித் தண்ணீர் உயரும்போது படகு தூக்கிக்கொண்டு எழும், கயிறு அறுந்துபோகும், இல்லாவிட்டால் வளையம் பிய்ந்து வரும். அதனால் கயிற்றில் ஒரு முழமாவது தளர்வு விடாமல் எங்கள் ஆட்களுக்குக் கட்டவே வராது. ரோட்டில் அந்தத் தளர்வுதான் எமன். முதல் பள்ளத்தில் வண்டி துள்ளும், இரண்டாவது பள்ளத்தில் கொக்கி கழன்றுவிடும். ஒரு தடவை ஷெட்டில் யாரோ அப்படிக் கட்டியதைப் பார்த்துவிட்டு, "ரோட்டுக்கு ஏதுடா ஓதம், பேமானி?" என்று கத்தினார். பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவள் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்த பயம் நிஜமாகவே இருந்தது. பாதித் தூக்கத்தில் கட்டினாலும் அவர் கட்டு ஒரு நாளும் தளர்ந்ததில்லை. கோவளத்தில் அவிழ்க்கும்போது அந்தக் கட்டைப் பார்த்துப் பழக வந்த பிள்ளைகள்கூட ஏதாவது சொல்லுவார்கள். அவர் காதில் விழாதது போல் பீடியைப் பற்றவைப்பார், ஆனால் காது சிவந்திருக்கும்.

மறதி எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது யாருக்கும் உள்ளதுதான். சாப்பிட்ட பிறகு சாப்பாடு போடு என்பார், நானும் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துத் திட்டுவேன். மாத்தூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளின் பெயரைச் சொல்லாமல் "அந்தப் பொண்ணு" என்றபோதுகூட, ஏதோ கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். கூடவே இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் கடைசியில் தெரியும் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வழக்கம் போல இரண்டு வண்டிகளையும் கட்டிவிட்டுக் கிளம்பினோம். நான்தான் கடைசியாக உலுக்கிப் பார்த்தேன், டிரெய்லரே ஆடியது. கடலோர ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றைத் தாண்டி ராயபுரம் வழியாக நேராகப் போக வேண்டும். இவர் காசிமேட்டில் இடதுபக்கம் திரும்பினார்.

"இன்னா மாமா, டீயா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரே பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்க வந்திருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் டிரெய்லரோடு நுழைந்து, ஏலக்காரர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, லாஞ்சுகள் கட்டியிருந்த ஜெட்டி ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அவரோடு ஒரு காலத்தில் லாஞ்சில் போன சிநேகிதர் ஒருவர் அங்கே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். "இன்னா மாமு, இத்த எட்த்துகினு கடலுக்கு போறியா? எத்தினி கூடை வரும்?" என்று சத்தமாகக் கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இவர் இறங்கி டிரெய்லரின் பின்னால் போனார். ராச்செட்டைத் திறந்து பெல்ட்டைத் தளர்த்த ஆரம்பித்தார். ஒன்று, அடுத்தது, பிறகு மூக்குத்தி பெல்ட். ஒவ்வொன்றிலும் ஒரு முழம் தளர்வு, அளந்து விட்டது போல. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இன்னா மாமா செய்ற?"

"இறுக்கி கட்டிகீறாங்க மே. ஓதம் ஏறுமில்ல. அறுத்துகினு பூடும்."

குரலில் கிண்டல் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. லுங்கித் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நல்ல வேலைக்காரன் பக்கத்துப் படகைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் லாஞ்சுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு இருந்தன. அவற்றின் கயிறுகள் தளர்ந்து தொங்கின. எல்லாம் சரியாக இருந்தது, எங்கள் டிரெய்லர் மட்டும்தான் தரையில் நின்றிருந்தது.

நான் பெல்ட்டை எடுத்து இறுக்கினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு மறுபடியும் தளர்த்தினார். மறுபடி இறுக்கினேன். "சொன்னா கேக்கமாட்டியா நீ? எவன் படகோ போவப்போவுது," என்று சத்தம் போட்டார். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த சிநேகிதர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

அந்த இடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், இது ரோடு, நீ டிரைவர், உன் படகை விற்றாகிவிட்டது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஓதம் வடிஞ்சிட்ச்சி மாமா. தண்ணி எறங்கிட்ச்சி. இப்ப இறுக்கலாம்."

அவர் தலையைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ராச்செட்டைப் பிடித்தார். லுங்கித் துண்டு அதன் இடத்துக்குப் போனது, பெல்ட்டில் ஒரு முறுக்கு விழுந்தது, கடகடவென்று சத்தம் கேட்டது. எல்லாம் பழைய கைதான். கடைசியில் வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்து உலுக்கினார். டிரெய்லர் ஆடியது.

அன்று கோவளம் போய்த் திரும்பும் வரை அவர் ஒரு சிக்னலைக்கூடத் தவறவிடவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மெரினாவில் புதிதாக முளைத்திருந்த கடைகளைக் காட்டினார், எனக்கு மோர் வாங்கித் தந்தார். நான் கண்ணாடி வழியாகப் பின்னால் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நல்லபடியாகப் பேசிக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்து இவ்வளவு பயப்பட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரமே மகள் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா அவரிடம் கிழமை கேட்டார், மாதம் கேட்டார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். கிழமையை இவர் சரியாகச் சொன்னார். மாதத்துக்கு, "இறால் சீசன் முடிஞ்சிட்ச்சிமா," என்றார். கடிகாரத்தில் முள் எல்லாம் ஒரே பக்கம் போய்விட்டது. இது இனி குறையாது, மெதுவாகக் கூடும், மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், ஆனால் வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை.

படகு போனபோது எழுந்து நின்ற மனுஷன். இதுவும் போனால் அவருக்கு எழுந்து நிற்க என்ன இருக்கிறது? ஆனாலும் சொல்லித்தானே ஆக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் முதலாளியைப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இவருக்குத் தெரியாமல் சொல்ல வேண்டும், ஏதாவது சாக்கு வைத்து நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் இல்லை. பதறிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். அங்கேதான் இருந்தார். முதலாளிக்கு எதிரே நின்றுகொண்டு, வண்டிச் சாவியை ரிப்பேருக்கு வந்த ஒரு இஞ்சின் மேல் வைத்திருந்தார்.

"என் கட்ட இனிமே நம்பாதீங்க சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "கை கட்டுது. ஆனா மண்டை எங்கயோ பூடுது. ரோட்ல யாரு மேலயாவது வுளுந்துட்டா பாவம்."

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். ஓட்ட வேண்டாம், ஷெட்டில் சும்மா உட்கார்ந்திருங்கள், கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னென்னவோ சொன்னார். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நான் பாத்துகினு இருந்தா நானே போயி அவுத்துடுவேன் சார்," என்றார். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். முதலாளியால் சிரிக்க முடியவில்லை.

வெளியே வந்து கல் கொட்டியிருந்த கடற்கரை ஓரமாக நடந்தோம். நல்ல வெயில். நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவர்தான் ஆரம்பித்தார்.

"அன்னிக்கு காசிமேட்ல ஓதம் வடிஞ்சிட்ச்சின்னு சொன்னியே."

என் கால் நின்றுவிட்டது. "தெரியுமா மாமா உனுக்கு?"

"பாதி இறுக்கிகினு இருக்கசொல தெளிஞ்சிட்ச்சி. இது டிரெய்லராச்சே, ரோடாச்சேன்னு. உன்ன பாத்தேன். நீ கண்ணுல தண்ணியோட நின்னுகினு கீற. இன்னா சொல்றது? சும்மா இறுக்கினேன்."

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். அவர் நின்றுகொண்டே இருந்தார், தேற்றவெல்லாம் அவருக்கு வராது. கொஞ்சம் அடங்கியதும் சொன்னார்: "இனிமே நான் மறந்துட்டு இன்னா கேட்டாலும் எனுக்கு பொய் சொல்லாத மே. பைத்தியத்துக்கு சொல்ற மாதிரி சொல்லாத. சாவி எங்கன்னு கேட்டா, வேலைய வுட்டுட்டன்னு சொல்லு. மூஞ்சிக்கு நேரா சொல்லு. இன்னா?"

சரி என்றேன். அப்போது அது எவ்வளவு பெரிய வாக்கு என்று எனக்குப் புரியவில்லை. ஒரு தடவை சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் முழுக்க நன்றாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருட்டு பிரியும் முன்பே எழுந்து, முகம் கழுவி, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆணியில் சாவியைத் தேடினார். "மே, எங்க வச்ச? நேரமாவுது, கெளம்பு." நான் வேலையை விட்டுவிட்டதைச் சொன்னேன். அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. படகு விற்ற அன்றுகூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு அது புதிய செய்தி. அந்த நிமிஷத்தில்தான் அவருடைய வேலை போனது.

மற்ற நாட்களில் கேட்பதில்லை. எத்தனையோ மறந்துவிட்டது, தெரு மறந்துவிட்டது, பேரன் பேர் மறந்துவிட்டது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு எங்கிருந்தோ தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சட்டையைப் போடுகிறார், சாவியைத் தேடுகிறார், நான் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதல் தடவையாகத்தான் கேட்கிறார். சில நாள் கத்துவார். சில நாள் முதலாளியை அசிங்கமாகத் திட்டுவார். ஒரு நாள் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகளுக்கு என் மேல் கோபம். "இன்னிக்கு திங்கக்கெழமன்னு சொல்லிட்டு போயேம்மா. வண்டி ரிப்பேருன்னு சொல்லு. வாராவாரம் எதுக்கு அப்பாவ சாவடிக்கிற?" என்கிறாள். அவள் சொல்வதில் தப்பில்லை. டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார், அவர் போக்கிலேயே போங்கள் என்று. எனக்கும் ஆசைதான். ஒரு பொய், அவ்வளவுதான், அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். காசிமேட்டில் பொய் சொன்ன வாய் இப்போது திறக்கமாட்டேன் என்கிறது. மூஞ்சிக்கு நேராகச் சொல் என்று கேட்டவர் இன்று அவருக்குள் இல்லை, ஆனால் கேட்டது அவர்தானே. அவருக்கு நான் காட்ட வேறு என்ன மரியாதை மிச்சம் இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை கத்தவில்லை. நான் சொன்னதும் கட்டிலில் போய் உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானெல்லாம் சரியாகப் போட்டிருந்தார்.

"யாரு நிறுத்தினது?" என்று கேட்டார்.

"யாரும் நிறுத்தல மாமா. நீயேதான் போயி சாவிய குட்த்துட்டு வந்த."

"நானா?"

"நீதான்."

வெறும் ஆணியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னான்னு சொல்லி குட்த்தேன்?"

"என் கட்ட நம்பாதீங்க, ரோட்ல யாரு மேலயாவது வுளுந்துட்டா பாவம்னு சொன்ன."

அதை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்ப்பது போல அவர் உதடு அசைந்தது.

"சரியாத்தான் சொல்லிகீறேன்," என்றார். பிறகு ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்து, சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.